மாமா மனப்பாடம் செய்த அட்டை

கடைக்குள் நுழையும்போது அதட்டலாகப் பேசுகிற மனிதர்கள்கூடப் பின்புற அறையில் இருக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிடுவது ஏன் என்று பாப்பாவுக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. அவள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். முன்புறம் கண்ணாடி அலமாரிகள், பின்புறம் கண் சோதிக்கும் சின்ன அறை. எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப் பெட்டி, அதில் எண் அட்டை. மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒற்றை எண், கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் வரிகள். அதைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள். தொண்டையைக் கனைப்பார்கள்.

"எட்டு... இல்லல்ல, மூணு. மூணுதானே?"

"உங்களுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே சொல்லுங்க சார்."

"தப்பா சொல்லிட்டா?"

"இதுல தப்பே கிடையாது. தெரியலன்னா தெரியலன்னு சொன்னாலும் போதும்."

இதை அவள் சொல்லாத நாளில்லை, ஒருவரும் நம்பியதுமில்லை. வக்கீல் ஒருவர் லென்ஸை மாற்றும்போதெல்லாம் "இந்தக் கேள்வியோட நோக்கம் என்ன?" என்று அவளையே குறுக்கு விசாரணை செய்தார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் ஒருவர் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, "நான் பாஸா, பெயிலா?" என்று கேட்டார். பாப்பா சிரித்தாள். அன்றைக்கு அந்தக் கேள்வி அவளுக்கே பொருந்தும் என்பதால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பாப்பா என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். முப்பதைத் தாண்டியும் அது மாறவில்லை. அம்மா அப்பா போன பிறகு அக்கா வீடுதான் அவளுக்கு வீடு. அக்கா பார்சல் அலுவலகத்தில் கவுண்டரில் இருக்கிறாள். அக்காவின் கணவர் பஸ் ஓட்டுநர், பாப்பாவுக்கு மாமா. மூன்று பேருக்கும் மூன்று விதமான வேலை நேரம் என்பதால் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரை ஒருவர் சமையலறை வாசலில்தான் அதிகம் பார்த்துக்கொள்வார்கள்.

கடையில் பாப்பா உதவியாளர்தான். கண்ணைச் சோதித்து அளவைக் குறித்து வைப்பாள். பட்டம் வாங்கிய பரிசோதகர் ஒருவர் வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பட்டப் படிப்பில் சேர நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேள்விக்கு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை தவறியபோது "பழக்கமில்லாததால வந்தது" என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டாவது தடவைக்குச் சொல்ல ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. இது மூன்றாவது முயற்சி. பயிற்சி மையத்தில் வைத்த மாதிரித் தேர்வின் மதிப்பெண் அன்று காலைதான் வந்திருந்தது. படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதிய மாதிரித் தேர்வில் வாங்கியதைவிட இது குறைவு.

படிக்காமல் குறைந்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். படித்ததனால் குறையுமா?

வீட்டுக்கு வந்ததும் புத்தகங்களை அடுக்கிக் கட்டி அலமாரியின் உச்சியில் போட்டாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ஒழிச்சு வைக்கிறே?"

"நான் எழுதலக்கா. எனக்கு வராது. வராத ஒண்ணுக்கு எத்தனை தடவை போய் நிக்கறது?"

"சரி, எழுதாதே."

பாப்பா திரும்பிப் பார்த்தாள். சமாதானம் செய்வாள், இல்லாவிட்டால் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

"எழுதலன்னா நிம்மதியா இருக்கும்ல?" என்றாள் அக்கா. "அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

பாப்பா முகம் கழுவப் போனாள். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே மாமாவின் குரல் கேட்டது. "ஏழு. நாலு, ரெண்டு. அஞ்சு, ஒன்பது, மூணு." கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து. "ஏழு. நாலு, ரெண்டு..."

"ரெண்டு வாரமா இதே கூத்துதான்" என்றாள் அக்கா. "யாரோட போன் நம்பரோ. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் நம்பர் அவருக்கு மனப்பாடம் ஆகல."

"போய்க் கேளேன்."

"கேட்டேன். நாக்குக்குப் பயிற்சியாம்."

பாப்பாவுக்கு அந்த எண்கள் எங்கேயோ கேட்டவை போலிருந்தன. எங்கே என்று பிடிபடவில்லை. மனசு வேறிடத்தில் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு மதிய வேளையில் மாமா கடைக்கு வந்தார். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். இந்தப் பக்கம் வேலை, வெயில் தணியட்டும் என்று பின்னறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். இந்தத் தடவை நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பா, லைசென்ஸ் புதுப்பிக்கணும். கண் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவை பாரேன். சும்மா, ஒத்திகை மாதிரி."

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் ஆளில்லை. பாப்பா அவரை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் செருகும் வட்டச் சட்டகத்தை மாட்டினாள். வலது கண்ணைக் கருப்பு மூடியால் மறைத்தாள்.

"இடது கண்ணால படிங்க மாமா."

"ஏழு. நாலு, ரெண்டு. அஞ்சு, ஒன்பது, மூணு..." என்று ஆரம்பித்தவர் கடைசி வரிவரை எங்கும் நிற்கவில்லை. பாட்டுப் போல ஒப்பித்தார்.

பாப்பாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கடைசி வரியில் இள வயதுக்காரர்களே கண்ணைச் சுருக்குவார்கள், முகத்தை முன்னால் நீட்டுவார்கள், எட்டை ஆறு என்பார்கள். மாமாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் கண்ணைச் சுருக்கவே இல்லை.

அடுத்து வலது கண். ஒரு கண்ணால் படித்ததை ஞாபகத்தில் வைத்து மறு கண்ணுக்கும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நடுவில் அட்டையை மாற்றுவது வழக்கம். அவள் வெளிச்சப் பெட்டியின் விளக்கை அணைத்து, அட்டையை உருவி, பின்னால் இருந்ததை முன்னால் செருகினாள்.

"பல்பு போயிடுச்சா?" என்றார் மாமா.

"இல்ல, இப்ப வந்துடும்."

விளக்கு எரிந்தது. இடது கண்ணை மறைத்தாள்.

"படிங்க."

"ஏழு" என்றார் மாமா உறுதியாக. "நாலு, ரெண்டு. அஞ்சு, ஒன்பது, மூணு..."

அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது ஆறு. பாப்பா அவரைத் தடுக்கவில்லை. கடைசி வரியையும் அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். குளியலறையிலிருந்து வந்த குரல் இப்போது பிடிபட்டுவிட்டது. தினமும் பார்க்கிற அட்டை, அதன் எண்களையே அவள் அடையாளம் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறாள்.

"எப்படி?" என்றார் மாமா. முகத்தில் ஒரு சிரிப்பு.

"மாமா, நான் அட்டைய மாத்திட்டேன்."

சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்குள் இருந்த ஆள் மட்டும் எங்கோ போய்விட்ட மாதிரி.

"எப்போ?"

"விளக்கு அணைஞ்சப்போ."

வெளியே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது. மாமா சட்டகத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கற இடத்துலயும் இதே அட்டைதான் மாட்டியிருக்காங்க, பாப்பா. போன தடவை பார்த்தேன்."

"வலது கண்ணுல எவ்வளவு நாளா இப்படி?"

"ஆவி அடிச்ச கண்ணாடி வழியா பார்க்கற மாதிரி இருக்கு. துடைச்சா போயிடும்னு பார்க்கறேன், போகல. இடது கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான் வெளிச்சத்துலதான் ஓட்டறேன். சாயந்திர டிரிப் எல்லாம் மாத்தி வாங்கிட்டேன்."

"வண்டியில எத்தனை பேரு மாமா!"

அவள் குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். இந்தப் பெரிய உடம்பு இவ்வளவு சின்னதாகிவிட முடியும் என்று பாப்பா நினைத்ததில்லை.

"நாளைக்கு நீங்க வண்டி எடுக்கக் கூடாது" என்றாள். "இன்னைக்கே டிப்போவுக்குப் போன் பண்ணுங்க. இங்கேயே, என் முன்னாடி."

"ஒரு தடவை பெயில்னு எழுதிட்டா அவ்வளவுதான், பாப்பா. பஸ் கழுவற இடத்துல போட்டுடுவாங்க. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். இந்த மனிதர்மேல் இருந்த கோபத்தோடு, எங்கேயோ ஓரமாக, ஒரு ஆர்வமும் தலைநீட்டியது.

"ஒண்ணு கேக்கறேன். அந்த முதல் எண் எவ்வளவு பெருசு. வலது கண்ணாலகூட அது தெரியும். இப்ப பாருங்க."

மாமா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். "ஆறு" என்றார். "மங்கலாத்தான். ஆனா ஆறுதான்."

"அப்போ ஏன் ஏழுன்னு சொன்னீங்க?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "நான் பார்க்கவே இல்ல, பாப்பா. பார்த்தா பயமா இருக்கு. பார்க்காம சொன்னாத்தான் தைரியமா இருக்கு."

மாமா அங்கேயே உட்கார்ந்து டிப்போவுக்குப் போன் செய்தார். கண்ணில் கோளாறு, மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். எதிர்முனையில் இருந்தவர் லீவு எழுதிக்கொண்டு, கண் மருத்துவமனையில் எந்த வரிசை வேகமாக நகரும் என்றும் சொன்னார் போலிருக்கிறது. மாமா போனை வைத்துவிட்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "அவருக்கே போன வருஷம் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்களாம். எனக்குத் தெரியவே தெரியாது."

அக்காவிடம் சொன்னபோது அவள் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். பிறகு திரும்பி, "ஏதாவது ஆயிருந்தா?" என்றாள். அந்த ஒரு கேள்வியைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப் போனது அவள்தான். டாக்டர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்துவிட்டு, வலது கண்ணில் புரை நன்றாக முற்றியிருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றார். "இதுக்கா இவ்வளவு நாள் காத்திருந்தீங்க?" என்று கேட்டாராம்.

அவர்கள் மருத்துவமனையில் இருந்த அந்தக் காலையில் பாப்பா வீட்டில் தனியாக இருந்தாள். கடைக்குப் போக நேரம் இருந்தது. பார்க்காம சொன்னாத்தான் தைரியமா இருக்கு என்ற பேச்சு அவளை விடவில்லை. நாற்காலியைப் போட்டு ஏறி அலமாரி உச்சியிலிருந்து புத்தகக் கட்டை இறக்கினாள். படிப்பதற்காக அல்ல. அந்த மாதிரித் தேர்வின் தாளை மட்டும் உருவினாள்.

மதிப்பெண் வந்ததிலிருந்து அவள் அந்தத் தாளைத் திறக்கவே இல்லை. முதல் பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டாள். இப்போது கடையில் ஒரு வாடிக்கையாளரின் கண்ணைப் பார்ப்பது போல, இது யாருடைய தாளோ என்கிற மாதிரி பார்த்தாள். இந்த ஆளுக்கு எங்கே தெரியவில்லை? எந்த வரியில் தடுமாறுகிறார்?

முதல் தவறு ஒரு லென்ஸ் கணக்கு. குழிலென்ஸின் குவியத் தூரம் கொடுத்துத் திறன் என்ன என்று கேட்டிருந்தார்கள். கழித்தல் குறியோடு விடை வர வேண்டும். அவள் கூட்டல் குறியிட்டதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். பழைய தேர்வுத் தாளில் இதே எண்களோடு ஒரு கேள்வி உண்டு. அதில் குவிலென்ஸ். அவளுக்கு அந்த விடை மனப்பாடம். குழி என்ற சொல்லை அவள் கண் பார்க்கவே இல்லை. இன்னொன்றில் "தவறானது எது?" என்று கேட்டிருக்க, அவள் சரியானதை அழகாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். மூன்றாவதும் அதே மாதிரி. பாப்பா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஏழு, நாலு, ரெண்டுன்னு ஒப்பிச்சிருக்கியே."

அதைவிட விசித்திரமான ஒன்று தாளின் நடுப்பக்கத்தில் இருந்தது. ஒளியை வளைக்கும் பட்டகம் பற்றிய கடினமான கணக்கு ஒன்று. அது அவளுக்கு வராது, விட்டிருந்தாள். அதற்குப் பிறகு வரிசையாக வந்த கேள்விகள் எல்லாமே சுலபம். கடையில் தினமும் கையால் செய்கிற விஷயங்கள். அத்தனையும் தவறு. ஒரு பக்கம் தாண்டித்தான் மறுபடி சரியான விடைகள் ஆரம்பித்தன. பாதையில் ஒரு பள்ளத்தில் கால் இடறியவன் அதற்கப்புறம் சமதரையிலும் தள்ளாடிக்கொண்டே போனது போல இருந்தது அந்தப் பக்கம். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று அவள் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். விரல் நுனிகள் சில்லென்று ஆனது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்விகளைப் படித்ததே ஞாபகம் இல்லை.

தனக்கு வராது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். வராதது உண்மையில் எவ்வளவு என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்தத் தாளில் அது கொஞ்சமாகத்தான் இருந்தது. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் நெடுநாளைக்குப் பிறகு ஒரு கேள்வி பயமாக இல்லாமல் சுவாரசியமாக இருந்தது. கடைக்குத் தாமதமாகத்தான் போனாள்.

கடையில் பழசாகிப்போன கண் மூடி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். சின்னக் கரண்டி மாதிரி கைப்பிடி வைத்த கருப்பு வட்டம். அதைக் கொண்டு நாலு விடைகளையும் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படிப்பாள். சொந்தமாக ஒரு விடை மனசில் வந்த பிறகுதான் மூடியை எடுப்பாள். முதல் சில நாள் சித்திரவதையாக இருந்தது. விடைகளைப் பார்க்காவிட்டால் தனக்கு ஒன்றுமே தெரியாதது போலவும், தான் இத்தனை நாளும் ஊகத்தில் பிழைத்தவள் போலவும் தோன்றியது. இரண்டாம் நாள் தாளை விசிறியடித்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். துவைக்கும்போதே குழிலென்ஸ் கணக்கு மனசுக்குள் தானாக ஓடி முடிந்தது. ஈரக் கையோடு வந்து சரிபார்த்தாள். சரிதான்.

மாமாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு வீட்டில் உட்கார வைத்தார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கடைசித் தடையை மட்டும் அவர் சந்தோஷமாகக் கடைப்பிடித்தார். பொழுது போகாமல் பாப்பா படிக்கும் இடத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்.

"எனக்கும் ஒண்ணு கேளு."

அவள் கேள்வியையும் நாலு விடைகளையும் படித்துக் காட்டினாள்.

"மூணாவது" என்றார் உடனே.

"எப்படிச் சொல்றீங்க?"

"அதுதான் நீளமா இருக்கு. அவ்வளவு சிரமப்பட்டு எழுதினவன் பொய்யா எழுதியிருப்பான்?"

விடை மூன்றாவதுதான். அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். அடுத்த நாலைந்து கேள்விகளில் அவருடைய முறை படுதோல்வி அடைந்தது. அவர் அதற்குச் சற்றும் கவலைப்படவில்லை.

ஒருநாள் காலை, அக்கா வேலைக்குப் போன பிறகு, பாப்பா படித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"மாமா, ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போனப்போ பயந்தீங்களா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதே. செமத்தியா."

"பயம் எங்க இருந்துச்சு?"

"எங்க இருந்துச்சுன்னா?"

"உடம்புல. எந்த இடத்துல?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை. கண்ணை மூடி யோசித்தார். "முழங்கால்ல" என்றார். "படுத்திருக்கேன், முழங்கால் ரெண்டும் தனியா ஆடுது. நர்ஸம்மா போர்வைய எடுத்து மூடினாங்க. அதுக்கப்புறமும் ஆடிச்சு. உனக்கு?"

"விரல்ல. சில்லுனு ஆகும். அப்புறம் காது அடைக்கும்."

"காதுமா? எனக்குக் காது நல்லா கேட்டுச்சு. பக்கத்து ரூம்ல யாரோ தும்மினது வரைக்கும் கேட்டுச்சு." மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "முதல்ல விரலா, முதல்ல காதா?"

பாப்பா யோசித்தாள். "விரல்தான் முதல்ல."

"விரல்ல இருந்து காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலையே. அடுத்த தடவை பார்க்கணும்."

அடுத்த தடவை பார்க்க வேண்டும் என்று சொன்னதும் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். பல்வலிக்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் யாருக்கு எந்தப் பல் என்று பேசுவார்களே, அப்படி இருந்தது. அந்தப் பேச்சால் பயம் போய்விடவில்லை. அதற்குப் பிந்தைய மாதிரித் தேர்விலும் விரல் சில்லிட்டது. ஆனால் வரும்போதே அவளுக்குத் தெரிந்தது. கையைப் பேனாவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காது அடைக்கிறதா என்று காத்திருந்தாள். காத்திருக்கும்போது அது பாதி தூரம் வந்து நின்றுகொண்டது. அது ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. மதிப்பெண் கொஞ்சம் கூடியிருந்தது, கட் ஆஃபுக்குச் சற்றுக் கீழே. அன்று மாலை அழுகை வந்தது. அழுதாள். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தலைமுடியில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தடவையும் வரலன்னா?" என்றாள் பாப்பா.

"வரலன்னா வரல. உன்னை யாரும் வீட்ட விட்டு அனுப்பப் போறதில்ல" என்றாள் அக்கா. "ஆனா நீ இப்பல்லாம் படிக்கறப்போ முனகறதில்ல. அது எனக்குப் பிடிச்சிருக்கு."

தேர்வு நாள் காலை. மையம் ஒரு பெரிய கட்டடத்தின் மேல்மாடி, வரிசை வரிசையாகத் திரைகள். பாப்பாவுக்குச் சுவரோரமாக இடம் கிடைத்தது. பையையும் போனையும் வெளியே வாங்கி வைத்துவிட்டார்கள், கண் மூடியையும் சேர்த்து. அது அவள் எதிர்பார்த்ததுதான். கையால் மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். முதல் கேள்விக்கு இடது உள்ளங்கையைத் திரைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு படித்தாள். இரண்டாவதிலேயே கண்காணிப்பாளர் வந்து நின்றுவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"படிக்கறேன் மேடம்."

"கைய எடுங்க. திரைய மறைக்கக் கூடாது."

"விடைய மட்டும்தான்..."

"கைய எடுங்க" என்றார் அவர், அதட்டாமல்.

சுற்றியிருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பா கையை எடுத்தாள். இத்தனை நாள் பழகியது ஒரே நிமிடத்தில் போய்விட்டது. விரல் நுனியில் குளிர் ஏறியது. இவ்வளவு சீக்கிரமா, இரண்டாவது கேள்வியிலேயேவா என்று நினைத்தாள். காதும் அடைத்தது. இன்றைக்குப் பாதியில் நிற்கவில்லை, முழுதாக வந்துவிட்டது. திரையில் எழுத்துகள் இருந்தன, சொற்கள் இல்லை.

மாமாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. போர்வைக்கு அடியில் அவருடைய அனுமதி இல்லாமல் ஆடிக்கொண்டிருந்த அந்த இரண்டு பெரிய முழங்கால்கள். முழங்கால் ஆடியதற்காக டாக்டர் அறுவையை நிறுத்தவில்லையே. அது பாட்டுக்கு ஆடியது, அவர் பாட்டுக்குக் கண்ணைச் சரிசெய்தார். பாப்பா கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு கேள்வியின் முதல் சொல்லை மட்டும் படித்தாள். அடுத்த சொல். அதற்கடுத்த சொல். கேள்விக் குறி வரும்வரை கண்ணைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்தாள். சின்னப் பிள்ளையைக் கைபிடித்துத் தெருவைக் கடக்க வைப்பது போல இருந்தது. பல தடவை கை நழுவிக் கண் ஓடிப்போனது. மறுபடி கூட்டி வந்தாள்.

நடுவில் பட்டகக் கணக்கு வந்தது. இப்போதும் அவளுக்கு அது வரவில்லை. "தெரியல" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாள். போய், அடுத்த கேள்வியை இரண்டு தடவை படித்தாள். விரல் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. காது எப்போது திறந்தது என்று மட்டும் அவள் கவனிக்கத் தவறிவிட்டாள். பின்வரிசையில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டபோதுதான் தெரிந்தது.

வெளியே வந்தபோது மாமா எதிர்ப்புற நடைபாதையில் நின்றிருந்தார். "எப்படி?" என்றார்.

"தெரியல மாமா. ஆனா எல்லாத்தையும் படிச்சேன்."

மாமாவின் கண் டெஸ்ட் அதற்கப்புறம்தான் வந்தது. கண் ஆறி, டாக்டர் சான்றிதழ் கொடுத்த பிறகு போனார். அங்கே அட்டையே இல்லையாம். சுவரில் திரை வைத்து ஒவ்வொரு எண்ணாகக் காட்டினார்களாம். அவர் மெதுவாக, இருக்கிற நேரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு படித்திருக்கிறார். கடைசியாக மிகச் சின்ன எண் வந்ததும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். "பரவாயில்ல, அது தேவையில்லன்னுட்டாங்க, பாப்பா! அது தேவையே இல்லையாம்!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். டிப்போவில் முதல் சில வாரம் பக்கத்தில் இன்னொரு ஓட்டுநரை உட்கார வைத்து அனுப்பினார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மானக்கேடு. பொறுத்துக்கொண்டார்.

தேர்வு முடிவு வந்த அன்று பாப்பா கடையில் இருந்தாள். போனைத் திறந்து, முதலில் தன் பதிவு எண் சரிதானா என்று பார்த்து, பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். கட் ஆஃபைவிடக் கொஞ்சம் கூடுதல். கொஞ்சம்தான். பகல் வகுப்புக் கல்லூரிகளில் இடம் கிடைக்காத மதிப்பெண். மாலை வகுப்புகள் நடத்தும் கல்லூரி ஒன்றில் கிடைக்கும். முதலாளியிடம் சொன்னாள். அவர், "அப்போ காலையில நீ இருப்பேல்ல?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் சந்தோஷப்பட்டார்.

வீட்டில் அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கையை எடுக்காமலேயே, "வாரத்துல எத்தனை சாயந்திரம் வகுப்பு?" என்றாள்.

"அஞ்சு."

"அப்போ அஞ்சு நாள் சாயந்திரச் சமையல் யாரு?"

இருவரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்றார் மாமா.

"அது ஆபரேஷன் ஆனப்போ சொன்னது" என்றாள் அக்கா. வெங்காயக் கூடையை இழுத்து அவர் முன்னால் வைத்து, கத்தியை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள்.